லப்டொப் பட்டரி வருடத்துக்கு வருடம் குறைவது இயல்பா? மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மட்டக்களப்பு நகரத்தில் லப்டொப் திருத்துகிற ஆள். வந்தாறுமூலையில் படிக்கிற பிள்ளைகள், காத்தான்குடியில் கடைக் கணக்குப் பார்க்கிறவர்கள், கல்முனையிலிருந்து பஸ் ஏறி வருகிற ஆசிரியர்கள் என்று யார் வந்தாலும் ஒரு கேள்வி மட்டும் மாறுவதில்லை. “வாங்கும்போது அஞ்சு மணித்தியாலம் நின்டது, இப்ப மூணுகூட இல்ல. பழுதா?” பயந்துபோய்த் தேவையில்லாமல் புதுப் பட்டரி வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். உண்மையிலேயே ஆபத்தான பட்டரியை “பழசாயிற்று, அவ்வளவுதானே” என்று பையில் போட்டுக்கொண்டு திரிகிறவர்களையும் பார்க்கிறேன். இரண்டும் மனதை உறுத்துகிறது. அதனால் என்னிடம் வருகிற கேள்விகளை ஓரிடத்தில் சேர்த்து, பொறுமையாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

பட்டரி கொள்ளும் அளவு குறைந்துகொண்டே போவது இயல்பா?

இயல்புதான். இன்றைய லப்டொப்புகளில் இருப்பது லிதியம் அயன் பட்டரி. 1991 இல் சோனி நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த வகை. இதை உருவாக்கிய குடினஃப், விட்டிங்ஹாம், யொஷினோ மூவருக்கும் 2019 இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அப்படிப்பட்ட பட்டரியும் தேயும். பாவித்தாலும் தேயும், பெட்டியில் பூட்டி வைத்தாலும் தேயும். நம் கையில் இருப்பது தேயும் வேகம் மட்டும்.

தேய்கிறது என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது? 100 வீதம் என்றுதானே இன்னும் காட்டுகிறது?

ஒரு குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உன்னிச்சைக் குளமோ உங்கள் ஊர்ச் சின்னக் குளமோ, எதுவானாலும் சரி. வருடா வருடம் அடியில் வண்டல் படிகிறது. மாரியில் தண்ணீர் அணைக்கட்டு விளிம்பு வரை வந்தால் “குளம் நிறைந்துவிட்டது” என்றுதான் சொல்வோம். ஆனால் உள்ளே இருக்கிற தண்ணீர் முந்திய அளவு இல்லை. திரையில் தெரிகிற 100 வீதம் அந்த விளிம்புதான். இன்றைக்கு இந்தப் பட்டரி எவ்வளவு கொள்ளுமோ, அதில் 100 வீதம். புதிதாக இருந்தபோது கொண்டதில் 100 வீதம் அல்ல.

அந்த வண்டல் பட்டரிக்குள் எப்படி வருகிறது? பட்டரியின் ஒரு பக்கத்தில் பென்சில் முனையில் இருக்கிற அதே கிரஃபைட். மறுபக்கத்தில் கோபோல்ட், நிக்கல் போன்ற உலோகங்கள் கலந்த ஒரு சேர்மம். நடுவில் ஒரு திரவம். சார்ஜ் ஏறும்போது லிதியம் அயன்கள் கிரஃபைட் பக்கம் போகின்றன, பாவிக்கும்போது திரும்பி வருகின்றன. கிரஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் உண்டாகும். தொழிற்சாலையில் முதன்முதல் சார்ஜ் ஏற்றும்போதே அது தோன்றிவிடும், தோன்றவும் வேண்டும். அந்தப் படலம் இல்லாவிட்டால் திரவம் சிதைந்துகொண்டே போகும். ஆனால் அது அத்தோடு நிற்பதில்லை. மெதுவாகத் தடித்துக்கொண்டே வரும். தடிக்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் லிதியத்தைத் தன்னோடு கட்டிவைத்துக்கொள்ளும். கட்டுண்ட லிதியம் இனிப் போய்வராது. போய்வரக் கூடிய லிதியம் குறைந்தால் கொள்ளளவும் குறையும்.

படலம் தடிக்கத் தடிக்க அயன்கள் கடந்து போவதும் கடினமாகிறது. இதைப் பட்டரியின் உள்தடை கூடுகிறது என்போம். கீழே “30 வீதத்தில் திடீரென்று அணைகிறது” என்ற கேள்வி வரும்போது இது ஞாபகத்தில் இருக்கட்டும்.

எவ்வளவு குறைந்தால் இயல்பு? எவ்வளவு குறைந்தால் யோசிக்க வேண்டும்?

சாதாரண லப்டொப் பட்டரி 300 முதல் 500 முழுச் சுற்றுகள் வரை ஓடியபின் ஆரம்பக் கொள்ளளவில் 80 வீதமளவுக்கு இறங்கும் என்பது பொதுவான கணக்கு. ஆப்பிள் தன் மக்புக் பட்டரிகளை 1000 முழுச் சுற்றுகள் வரை 80 வீதம் தாங்கும்படி வடிவமைத்திருப்பதாகச் சொல்கிறது. ஒரு சுற்று என்பது ஒரு தடவை பிளக் போடுவது அல்ல. இன்றைக்குப் பாதி இறக்கி ஏற்றி, நாளைக்கும் பாதி இறக்கி ஏற்றினால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சுற்று.

நான் மேசையில் பார்த்து வைத்திருக்கிற அளவுகோல் இது. முதல் வருடத்தில் 5 முதல் 10 வீதம் போனால் கவலையே வேண்டாம். இரண்டு, மூன்று வருடத்தில் 80 வீதத்தை ஒட்டி வந்தால் பட்டரி தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. ஆறு மாதத்தில் 30 வீதம் போனால் அது இயல்பு அல்ல. ஒன்று பட்டரியில் குறை, அல்லது அது படுகிற சூட்டில் குறை. 70 வீதத்துக்குக் கீழே போனபின் சில பட்டரிகள் மெதுவாக இறங்காமல் சறுக்கி விழும். அந்தக் கட்டத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கைப் பாருங்கள்.

என் பட்டரியின் உண்மையான கணக்கை எப்படிப் பார்ப்பது? கடைக்குத்தான் வர வேண்டுமா?

வேண்டியதில்லை. என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் செய்து காட்டுவதே இதைத்தான். இதற்கு நான் காசு வாங்குவதில்லை.

விண்டோஸ் என்றால் கொமாண்ட் புரொம்ட் என்ற கறுப்புத் திரையைத் திறவுங்கள். ‘பவர்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதி, அதோடு ஒட்டி சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளையும் அடியுங்கள். ஒரு இடைவெளி விடுங்கள். அப்புறம் கேள்விக்குறி இருக்கிற அதே பட்டனில் கீழே இருக்கிற சாய்கோடு. அதை ஒட்டியே ‘பட்டரி ரிப்போர்ட்’ என்பதை இரண்டு சொல்லையும் சேர்த்து ஆங்கிலத்தில் எழுதி என்டர் அடியுங்கள். ரிப்போர்ட்டை எங்கே சேமித்தது என்று அடுத்த வரியிலேயே சொல்லும். அந்தக் கோப்பை கூகுள் குரோம் போன்ற எந்த பிரவுசரிலும் திறக்கலாம்.

அதில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று டிசைன் கெப்பாசிட்டி, அதாவது பட்டரி செய்யப்பட்டபோது கொள்ள வேண்டிய அளவு. மற்றது ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி, இன்றைக்குக் கொள்ளும் அளவு. இரண்டாவதை முதலாவதால் பிரித்து நூறால் பெருக்குங்கள். 50,000 க்கு 41,000 வந்தால் உங்கள் பட்டரி 82 வீதத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே சைக்கிள் கவுண்ட் என்று சுற்றுகளின் எண்ணிக்கையும் இருக்கும். சில மொடல்களில் அந்த இடம் வெறுமையாக இருக்கும், அது பழுது அல்ல. இன்னும் கீழே போனால் வாரம் வாரமாகக் கொள்ளளவு எப்படி மாறியது என்ற அட்டவணை கிடைக்கும். அந்த அட்டவணைதான் பொன். சீராக இறங்குகிறதா, ஒரே இடத்தில் தடாலென்று விழுந்திருக்கிறதா என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

மக்புக் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் பட்டரி பகுதிக்குப் போனால் அதன் ஆரோக்கியம் வீதக் கணக்கில் தெரியும்.

போன வாரம் 84 வீதம், இந்த வாரம் 87. பட்டரி தானாகக் குணமாகுமா?

ஆகாது. அந்த எண் அளந்த எண் அல்ல, மதிப்பிட்ட எண். பட்டரிக்குள் இருக்கிற ஒரு சின்னச் சிப், உள்ளே போன மின்னையும் வெளியே வந்த மின்னையும் எண்ணிக்கொண்டு ஒரு கணக்குப் போடுகிறது. எப்போதும் 60க்கும் 90க்கும் நடுவிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கணக்குக் கொஞ்சம் பிசகும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை 10 வீதம் வரை இறக்கி, பிறகு முழுதாக ஏற்றிவிட்டால் சிப் தன் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். இதனால் கொள்ளளவு கூடாது. காட்டுகிற எண் உண்மைக்குக் கிட்ட வரும்.

தங்கை ஒருத்தியின் கேள்வி: “அண்ணா, ரிப்போர்ட்டில் 88 வீதம் காட்டுது. ஆனா நேரம் பாதியாக் குறைஞ்சிட்டுது. ரிப்போர்ட் பொய்யா?”

பொய் இல்லை தங்கச்சி. பட்டரி என்பது பானை, லப்டொப் என்பது அதிலிருந்து குடிக்கிற ஆள். பானை சுருங்கியதா, ஆள் கூடுதலாகக் குடிக்கிறாரா என்று இரண்டையும் பார்க்க வேண்டும்.

50 வட் மணி கொள்ளும் பட்டரி, 10 வட் இழுக்கிற லப்டொப். ஐந்து மணித்தியாலம் நிற்கும். 88 வீதமாகிவிட்டால் 44 வட் மணி, அதாவது நான்கரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. அதே லப்டொப் இப்போது 18 வட் இழுத்தால் இரண்டரை மணித்தியாலத்திலேயே முடிந்துவிடும். பட்டரி குறைந்ததால் போனது அரை மணித்தியாலம், மற்றதெல்லாம் இழுவையில் போனது.

அந்தத் தங்கையின் லப்டொப்பைத் திறந்து பார்த்தபோது விசிறியின் வாயில் தூசி பஞ்சாகக் கட்டியிருந்தது. பிரவுசரில் நாற்பதுக்கு மேல் பக்கங்கள் திறந்திருந்தன. திரை வெளிச்சம் முழு அளவில். தூசியைத் துடைத்து, தேவையற்றதை மூடி, வெளிச்சத்தைப் பாதிக்குக் கொண்டுவந்ததும் நான்கு மணித்தியாலத்தைத் தொட்டது. புதுப் பட்டரி வாங்கக் காசோடு வந்த பிள்ளை, அந்தக் காசோடு திரும்பிப் போனாள்.

நம்ம ஊர்ச் சூடு பட்டரியைப் பாதிக்குமா?

பாதிக்கும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

பட்டரிக்குள் படலம் தடிக்கிறது என்று சொன்னேன் அல்லவா? அது ஓர் இரசாயனத் தாக்கம். சூடு கூடினால் இரசாயனத் தாக்கம் விரைவுபடும். முழுச் சார்ஜில் இருந்தாலும் விரைவுபடும். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கடெக்ஸ் நிறுவனம் நடத்தும் பட்டரி யுனிவர்சிட்டி என்ற தளத்தில் ஒரு பிரபலமான அட்டவணை இருக்கிறது. பட்டரியைப் பாவிக்காமல் ஒரு வருடம் சும்மா வைத்திருந்தால் மிஞ்சுகிற கொள்ளளவு அது. 25 பாகையில் 40 வீதச் சார்ஜோடு வைத்தால் 96 வீதம் மிஞ்சும். அதே 25 பாகையில் முழுச் சார்ஜோடு வைத்தால் 80. 40 பாகையில் 40 வீதச் சார்ஜோடு 85. 40 பாகையில் முழுச் சார்ஜோடு வைத்தால் 65. கடைசி எண்ணைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். ஒரு வேலையும் செய்யாமலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது.

கச்சான் காற்று வீசுகிற காலத்தில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பகல் வெப்பம் என்ன என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தகரமோ சீற்றோ போட்ட கூரையின் கீழ் மத்தியானம் இரண்டு மணிக்கு உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த அறையில் லப்டொப்பை மெத்தைமேல் வைத்து, கீழே இருக்கிற காற்றுத் துளைகளை மூடி, பிளக்கையும் போட்டு, படமும் ஓடவிட்டால் பட்டரி 40 பாகையைத் தாண்டுவது பெரிய விடயமே இல்லை. அதாவது அந்த அட்டவணையின் மிக மோசமான வரியில் நாம் தினமும் உட்கார்ந்திருக்கிறோம்.

ஆகவே மேசை, பலகை, ஒரு தட்டு, ஏதாவது தட்டையான கடினமான ஒன்றின் மேல் வையுங்கள். பின்பக்கம் இரண்டு சின்னக் கட்டை கொடுத்து உயர்த்தினாலே சூடு குறையும். சாத்தியமானால் கனமான வேலையைக் காலையிலோ இரவிலோ செய்யுங்கள். கல்லடிக் கடற்கரைக்குப் போகும்போது லப்டொப்பை வெயிலில் நிற்கிற வாகனத்துக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கண்ணாடி ஏற்றிய காருக்குள் வெப்பம் 50 பாகையையும் தாண்டும். வேலை முடிந்ததும் சூடாக இருக்கிற லப்டொப்பை நேரே பைக்குள் திணிக்காமல் கொஞ்சம் ஆறவிடுங்கள். இவற்றுக்கெல்லாம் ஒரு சதம் செலவில்லை.

கடையில் நாள் முழுக்கப் பிளக்கிலேயே இருக்கிறது. கழற்றிக் கழற்றிப் போட வேண்டுமா?

கழற்றிப் போடத் தேவையில்லை. பட்டரி நிறைந்ததும் லப்டொப் நேரே சார்ஜரிலிருந்து ஓடும். ஆனால் பட்டரி முழுச் சார்ஜோடு, சூட்டோடு மாதக்கணக்கில் இருக்கும். அதுதான் மேலே சொன்ன 65.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. சார்ஜை 80 வீதத்தில் அல்லது 60 வீதத்தில் நிறுத்தும்படி லப்டொப்புக்கே சொல்லிவிடலாம். லெனோவோவில் வான்டேஜ் என்ற செயலியில் கொன்சர்வேஷன் மோட் என்று இருக்கும். அசூஸில் மைஅசூஸ் செயலிக்குள் பட்டரி பகுதியில் இருக்கும். டெல், எச்பி லப்டொப்புகளில் பல மொடல்களுக்கு பயோஸிலேயே, அதாவது விண்டோஸ் தொடங்குவதற்கு முன் திறக்கிற அடிப்படை அமைப்புத் திரையிலேயே, வைத்திருக்கிறார்கள். மக்புக் தானாகவே உங்கள் பழக்கத்தைக் கவனித்துச் சில வேளைகளில் 80 இல் நிறுத்திவைக்கும். காலையிலிருந்து மாலை வரை மேசையைவிட்டு நகராத லப்டொப்புக்கு இதைவிடச் சிறந்த மருந்து எனக்குத் தெரியாது. வெளியூர் போகிற நாளுக்கு முதல் நாள் இரவு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு முழுதாக ஏற்றுங்கள்.

“நானா, புதுசா வாங்கினா முதல் நாள் எட்டு மணித்தியாலம் சார்ஜ் போடணுமாமே? பூச்சியம் வரைக்கும் இறக்கித்தான் ஏத்தணுமாமே?”

இரண்டும் நிக்கல் பட்டரிக் காலத்துப் பழக்கம். நிக்கல் கட்மியம் பட்டரிகளுக்கு அரைகுறையாக ஏற்றினால் அதையே ஞாபகம் வைத்துக்கொள்ளும் குணம் இருந்தது. லிதியம் அயனுக்கு அப்படிப் பிரச்சினை இல்லை. பூச்சியம் வரை தினமும் இறக்குவது அதற்குக் கெடுதல்தான். 20க்கும் 80க்கும் நடுவில் வைத்துக்கொண்டால் போதும்.

மின்வெட்டுக் காலத்தில்தான் என் பட்டரி கெட்டது என்று நினைக்கிறேன். சரியா?

சரியாக இருக்கலாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது ஞாபகமிருக்கும். அந்த மாதங்களில் பிள்ளைகள் லப்டொப்பைப் பூச்சியத்துக்கு இறக்கி, கரண்ட் வந்ததும் அவசரமாக நிறைத்து, அடுத்த வெட்டில் திரும்ப இறக்கி என்று ஓட்டினார்கள். வேறு வழி இருக்கவில்லை. ஒரு நாளில் இரண்டு முழுச் சுற்று என்றால் ஒரு வருடத்தில் ஓட வேண்டியது சில மாதங்களிலேயே ஓடிவிடும். அப்போது பாவித்த பட்டரி இன்று 60 வீதத்தில் நின்றால் அது தன் கடமையைச் செய்து முடித்த பட்டரி.

இடிமின்னல் நேரத்தில் மட்டும் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பட்டரியில் ஓட்டுங்கள். ஒக்டோபர், நவம்பரில் மின்னல் அடித்துச் சார்ஜரும் போர்ட்டும் எரிந்து வந்த லப்டொப்புகள் நிறையப் பார்த்துவிட்டேன்.

30 வீதம் காட்டும்போதே படக்கென்று அணைந்துவிடுகிறது. ஏன்?

இது சாதாரணத் தேய்வைத் தாண்டிய கட்டம். உள்தடை கூடிய பட்டரியிலிருந்து லப்டொப் திடீரென்று கூடுதலாக இழுக்கும்போது வோல்ட் சட்டென்று சரியும். ஒரு குறித்த அளவுக்குக் கீழே வோல்ட் போனால் லப்டொப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். மின் இருக்கிறது, ஆனால் அதைத் தேவையான வேகத்தில் கொடுக்க முடியவில்லை.

முதலில் சிப்பின் கணக்குப் பிசகியிருக்கிறதா என்று பார்க்க, மேலே சொன்னபடி ஒருமுறை இறக்கி ஏற்றுங்கள். அதற்குப் பிறகும் அணைந்தால் பட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. பரீட்சையோ ஒப்படைப்போ இருக்கிற மாதத்தில் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வாவிக்கரையில் வீடு. உப்புக் காற்றால் பட்டரி குறையுமா?

பட்டரியின் கலங்கள் மூடி ஒட்டப்பட்டவை, அவற்றுக்குள் உப்புக் காற்றுப் போகாது. சார்ஜ் போடும் துளையும் மதர்போர்ட்டும்தான் அரிக்கும்.

டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, மூடி சரியாகப் பூட்டுப்படவில்லை. இதுவும் இயல்பா?

இல்லை. லப்டொப்பை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

பட்டரி ஊதியிருக்கிறது. உள்ளே திரவம் சிதைந்து வாயு உண்டாகி, கலத்தின் மெல்லிய உறை பலூன் மாதிரி உப்புகிறது. டச்பேட் அழுத்துப்படாமல் இறுகுவது, விசைப்பலகை நடுவில் மேடு தட்டுவது, தட்டையான மேசையில் வைத்தால் லப்டொப் ஆடுவது, அடிப்பக்கத்து மூடி பிளந்துகொண்டு நிற்பது எல்லாம் இதன் அடையாளங்கள். கொள்ளளவு 90 வீதம் இருந்தாலும் ஊதிய பட்டரி ஊதிய பட்டரிதான். எண்ணைப் பார்த்து ஆறுதலடைய வேண்டாம்.

சார்ஜ் போடாதீர்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். “ஊசியால ஒரு குத்துக் குத்தினா காத்து இறங்கிரும்” என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். உறை கிழிந்து உள்தகடுகள் ஒன்றோடொன்று பட்டால் தீப் பிடிக்கும். அது அணைப்பதற்குக் கடினமான தீ, புகையும் நஞ்சு. படுக்கை, திரைச்சீலை, காகிதம் எதுவும் பக்கத்தில் இல்லாத சீமெந்துத் தரையில் நிழலான இடத்தில் வைத்துவிட்டு, லப்டொப் திறந்து பழக்கமுள்ள ஒருவரிடம் கொண்டுபோங்கள். போகும்போது பஸ்ஸில் கூட்டத்துக்குள் பையை நெரிபட விடாதீர்கள்.

ஒரு தகப்பன் இப்படி ஊதிய லப்டொப்பை ரப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டி என்னிடம் கொண்டுவந்தார். இரண்டு மாதமாக மகள் அதை மடியில் வைத்துப் படித்திருக்கிறாள். அன்றைக்கு எனக்கு வயிறு கலங்கிவிட்டது. இந்தப் பக்கத்தை எழுத வேண்டும் என்று முடிவெடுத்ததும் அன்றுதான்.

வொரன்டியில் மாற்றித் தருவார்களா?

லப்டொப்புக்கு இரண்டு, மூன்று வருட வொரன்டி இருந்தாலும் பட்டரிக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்தான். பாவனையால் வருகிற சாதாரணத் தேய்வு அதில் அடங்காது. ஊதினாலோ, சார்ஜே ஏறாவிட்டாலோ, குறுகிய காலத்தில் பெரிதாக விழுந்தாலோ கேட்கலாம். பட்டரி ரிப்போர்ட்டில் இருக்கிற அந்த வாராந்த அட்டவணையை அச்செடுத்துக்கொண்டு போங்கள். வாய்ப்பேச்சைவிட அது வலுவானது.

புதுப் பட்டரி வாங்கும்போது எதைக் கவனிப்பது?

நானே ஏமாந்த கதையைச் சொல்கிறேன். தொழிலைத் தொடங்கிய புதிதில் ஒரு வாடிக்கையாளருக்காக வெளியூர்க் கடை ஒன்றிலிருந்து பட்டரி எடுப்பித்தேன். லேபலில் 4400 மில்லி அம்பியர் மணி என்று அழகாக அடித்திருந்தது. பூட்டிக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் அந்த அண்ணன் திரும்பி வந்தார், “தம்பி, பழசே இதவிட நல்லா நின்டது” என்றார். ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தால் லேபலில் சொன்னதில் பாதிக்குச் சற்றுக் கூட. காசைத் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் எனக்குத் திருப்பித் தரவில்லை. அன்றிலிருந்து ரிப்போர்ட் எடுத்துக் காட்டாமல் ஒரு பட்டரியையும் நான் கையில் கொடுத்ததில்லை.

நீங்களும் அதையே கேளுங்கள். பூட்டியதும் உங்கள் முன்னாலேயே முழுதாக ஏற்றி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். சுற்று எண்ணிக்கை பூச்சியமோ ஓரிரண்டோ இருக்க வேண்டும். முழுக் கொள்ளளவு டிசைன் அளவுக்குக் கிட்ட இருக்க வேண்டும். மலிவான பட்டரிகளில் சிப்பே பொய் சொல்வதும் உண்டு. அதனால் ஒருமுறை முழுதாக ஏற்றி, வீட்டில் வழக்கமான வேலையைச் செய்து, எத்தனை மணித்தியாலம் நிற்கிறது என்று மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்பதைப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய பட்டரியில் இருக்கிற மொடல் இலக்கமும் வோல்ட்டும் புதியதோடு பொருந்த வேண்டும். அளவை ஒப்பிடும்போது வட் மணியைப் பாருங்கள். 11.4 வோல்ட்டில் 4400 மில்லி அம்பியர் மணி என்றால் 50 வட் மணி. வோல்ட்டைச் சொல்லாமல் மில்லி அம்பியரை மட்டும் பெரிதாகச் சொன்னால் ஒப்பிட முடியாது. செய்யப்பட்ட திகதியையும் பாருங்கள். ராக்கையில் மூன்று வருடம் கிடந்த “புதுப்” பட்டரி புதுப் பட்டரி அல்ல.

ரீகண்டிஷன் லப்டொப் வாங்கப் போகிறேன்.

பட்டரி தேய்ந்துதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள். கடையில் நின்றே ரிப்போர்ட் எடுங்கள், 60க்குக் கீழே என்றால் புதுப் பட்டரியின் விலையை மொத்த விலையில் கழித்துக் கேளுங்கள்.

லப்டொப் வைத்திருக்கிற மகன் ஒரு வருடம் வெளிநாடு போகிறான். எப்படி வைத்துவிட்டுப் போவது?

50 வீதமளவில் சார்ஜை நிறுத்தி, முழுதாக அணைத்து, வீட்டிலேயே குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது எடுத்து 50க்கு ஏற்றிவிடுங்கள். காலியாக வைத்தால் தானாக இன்னும் இறங்கி, ஒரு கட்டத்துக்குக் கீழே போனபின் பட்டரிக்குள் இருக்கிற பாதுகாப்பு மின்சுற்று அதைத் திரும்ப ஏற விடாது.

கட்டாரில் இருக்கிற மச்சான் ஊருக்கு வரும்போது பட்டரி கொண்டுவரலாமா?

கொண்டுவரலாம். லப்டொப்புக்குள் பூட்டாத தனிப் பட்டரியைக் கையில் கொண்டுபோகும் பையில்தான் வைக்க வேண்டும். விமானத்தில் போடுகிற பெரிய பெட்டிக்குள் வைத்தால் எடுத்துவிடுவார்கள். 100 வட் மணிக்கு உட்பட்டது என்றால் பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை, சாதாரண லப்டொப் பட்டரிகள் அதற்குள்தான் வரும். முனைகளில் ஒரு டேப் ஒட்டிவிடச் சொல்லுங்கள்.

பட்டரியைக் கழற்றிவிட்டுப் பிளக்கில் மட்டும் ஓட்டலாமா?

பல மொடல்கள் ஓடும். சில வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். கரண்ட் போன கணமே அணைந்து, சேமிக்காத வேலை எல்லாம் போய்விடும் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். ஊதிய பட்டரியை எடுத்தபின் புதியது வரும்வரை இப்படி ஓட்டுவது நல்ல வழி.

கழற்றிய பழைய பட்டரியை என்ன செய்வது?

குப்பையோடு போட வேண்டாம். குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கேயே தீப் பிடிக்கும். வளவுக்குள் சருகோடு சேர்த்துக் கொளுத்துவது அதைவிடப் பயங்கரம். வாவியில் எறிவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அந்த மீனைத்தான் நாம் சாப்பிடுகிறோம். முனைகளில் டேப் ஒட்டி, தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, இலத்திரனியல் கழிவு சேகரிக்கிறவர்களிடம் கொடுங்கள். கொடுக்க இடம் தெரியாவிட்டால் திருத்தும் கடையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். என் மேசைக்குக் கீழே மணல் நிரப்பிய ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அது நிறைந்ததும் சேகரிக்கிறவர்களுக்கு நானே அனுப்பிவிடுவேன்.